பாயசம் தாங்கும் கப்பு

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் அரங்கநாதன் நடத்தும் கப்புக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற ஆள் ஜெயக்கொடி. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அடித்துக் கப்பாகத் தள்ளும் மெஷின் ஒன்று, பின்பக்கம் பேக்கிங் மேசை, வெளியே தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றை மெஷினுக்கு முன்னால் கிடக்கும் நாற்காலிக்கு இருந்த அடிபிடியைப் பார்த்திருந்தால் சேர்மன் பதவியே தேவலை என்று தோன்றியிருக்கும்.

ஜெயக்கொடி வல்லத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். நாற்பதைத் தாண்டியவள். கணவன் இளவரசன் நெல் ஏலம் போகும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறான். சீசன் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. இவளும் முதலில் பேக்கிங் மேசையில்தான் இருந்தாள். பக்கத்தில் மீனம்பாள். மீனம்பாள் தளவானூர்க்காரி, இவளைவிட மூத்தவள், பேச்சு கொஞ்சம், கவனிப்பு அதிகம். இருவரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து சாப்பிட்டவர்கள். ஒருத்தி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு இன்னொருத்தியின் சோற்றில்தான் இறங்கும்.

அப்போது மெஷின் ஓட்டியவன் நெடுமாறன். ஓசூரில் பெரிய கம்பெனியில் இடம் கிடைத்தது என்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். கையில் ஆர்டர் இருக்கிறது, மெஷினுக்கு ஆள் இல்லை. அரங்கநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது ஜெயக்கொடி பேக்கிங் மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

“நான் ஓட்றேன் மொதலாளி. ரெண்டு நாளு பாருங்க. சரிப்படலன்னா எறக்கி உட்டுடுங்க.”

“பொம்பள ஓட்ற மெஷினா இது?”

“மெஷினுக்கு இன்னா தெரியும், ஆம்பளயா பொம்பளயான்னு?”

அரங்கநாதன் அவளை உட்காரவைத்தார். அதன் பிறகு இறக்கவேண்டிய அவசியம் வரவில்லை, ஏனென்றால் அவள் கை வேகம் அப்படி. நெடுமாறன் ஒரு நாளில் தள்ளியதை இவள் மத்தியானச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே தள்ளிவிடுவாள்.

வேகத்துக்குக் காரணம் ஐஸ். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போய் ஆறினால்தான் கப்பை வெளியே எடுக்க முடியும். ஆறவைக்க அச்சைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. செஞ்சி வெயிலில் தொட்டித் தண்ணீர் சுடுதண்ணீராகிவிடும். நெடுமாறன் அதையே ஓட்டிவிட்டு கோட்டை மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ஜெயக்கொடி பஸ் இறங்கி வரும் வழியில் மீன் கடைக்காரரிடம் ஐஸ் பாளம் வாங்கிக் கோணியில் சுற்றி, ஷேர் ஆட்டோக்காரனின் திட்டையும் வாங்கிக்கொண்டு கொண்டுவந்து தொட்டியில் போட்டாள். அச்சு சில்லிட்டது. கப்பு டப்டப்பென்று விழுந்தது. ‘ஆபரேட்டரம்மா’ என்று லாரிக்காரர்கள்கூடக் கூப்பிடத் தொடங்கினார்கள். அப்படி யாராவது கூப்பிட்டால் அவள் உடனே திரும்பமாட்டாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருப்பாள். அவ்வளவு பிடிக்கும் அந்தப் பேர்.

பிறகு பிளாஸ்டிக் தடை வந்தது. கம்பெனி வெகுநாள் பூட்டிக் கிடந்தது. ஜெயக்கொடி வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போனாள், நூறுநாள் வேலைக்குப் போனாள், எங்கே போனாலும் அந்த நாற்காலியைப் பற்றியே பேசி மற்றவர்கள் பிராணனை எடுத்தாள். ஒருவழியாக அரங்கநாதன் மக்கும் கப்பு போடுவது என்று முடிவெடுத்துக் கம்பெனியைத் திறந்தார். அதே சமயம் ஓசூரில் ஆள் குறைத்ததால் நெடுமாறனும் ஊர் திரும்பியிருந்தான். வாரத்துக்கு ஒருதரம் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தி, “வேல இருந்தா சொல்லுங்க மொதலாளி” என்று கேட்டுவிட்டுப் போனான். அரங்கநாதன் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலி பறிபோய்விடுமோ என்ற பயம் ஜெயக்கொடிக்குள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

புதுச் சரக்கு விற்ற சென்னைக் கம்பெனியிலிருந்து மோனிகா என்ற பெண் மெஷினைச் செட் பண்ணிக் கொடுக்க வந்தாள். பிளாஸ்டிக் சமாச்சாரத்தையே காலேஜில் படித்தவள். படித்த திமிர் இல்லாத பிள்ளை. கீழே குந்தி உட்கார்ந்து அவளே ஸ்பேனரைப் பிடித்தாள். சரக்கு இரண்டு வகை கலந்தது என்றாள். ஒன்று மக்காச்சோளத்திலிருந்து வருவது, விறைப்பானது, தனியாகப் போட்டால் அப்பளம் மாதிரி உடையும். இன்னொன்று தோல் மாதிரி வளைந்து கொடுப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் கப்பு. ஈரம் பட்டால் கெட்டுவிடும், காயவைத்துத்தான் கொட்டவேண்டும் என்றாள். அதெல்லாம் ஜெயக்கொடிக்குச் சரியாகவே பட்டது. அடுத்ததாக மோனிகா அச்சில் ஹீட்டரை மாட்டியபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இன்னா மேடம், மோல்டுக்குப் போய் ஹீட்டர் வெக்கிறீங்க? ஆறவெக்கிற எடமாச்சே அது!”

“இந்தச் சரக்கு மெதுவாத்தான் ஆறணும் அக்கா. உள்ளே நீளநீளமா சங்கிலி மாதிரி இருக்கும். அது வரிசையா அடுக்கி உக்காந்தாத்தான் கப்புக்குப் பலம். அந்தச் சோளச் சரக்கு சோம்பேறி, அடுக்கி உக்கார நேரம் எடுக்கும். மோல்டு கொதிதண்ணி அளவு சூடா இருந்தாத்தான் உக்காரும். சில்லுனு பட்டுச்சுன்னா போட்டது போட்டபடி நின்னுடும்.”

ஜெயக்கொடி தலையை ஆட்டினாள். கேட்டது காதில் ஏறியது, மனசில் ஏறவில்லை. ஆறவேண்டிய பொருளைச் சுடவைத்து உட்கார்ந்திருப்பதை அவள் கை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கப்பு விழும் நேரத்தில் முன்பெல்லாம் மூன்று விழும். மோனிகா ஊருக்குப் போன மறுநாள் அரங்கநாதன் சாயங்காலம் வந்து குவியலைப் பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்றார். பிறகு யாரிடமும் சொல்லாததுபோல, “நெடுமாறன் நேத்துகூட வந்துட்டுப் போனான்” என்றார்.

அடுத்த நாள் ஐஸ் பாளம் வந்துவிட்டது. ஹீட்டரைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். ஒளிவுமறைவாக அல்ல, எல்லோர் கண் முன்னாலும்தான். கப்பு பழையபடி டப்டப்பென்று விழுந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது; மோனிகா செட் பண்ணியபோது கஞ்சித் தண்ணீர் நிறத்தில் வந்த கப்பு இப்போது கண்ணாடிபோல வந்தது. அரங்கநாதன் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “இது கப்பு!” என்றார். ஹீட்டர் எங்கே என்று கேட்கவில்லை. கேட்கவேண்டாம் என்பது அவருக்கும் தெரியும்.

கப்பு தாங்குகிறதா என்று சோதிக்கத்தான் செய்தார்கள், செய்யாமல் இல்லை. ஆனால் அது ஆடி மாதம். வீட்டில் கூழ், கோயிலில் கூழ், கோட்டை வாசலில் தள்ளுவண்டியில் கூழ். மீனம்பாள் கொண்டுவந்த கேழ்வரகுக் கூழையே எல்லோரும் கப்பில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள். முதல்நாள் காய்ச்சி ஆறிய கூழ், மோரும் வெங்காயமும் போட்டுச் சில்லென்று இருந்தது. கப்பு அசையவில்லை. வேறு ஊர்க்காரன் என்றால் டீயை ஊற்றிப் பார்த்திருப்பான். இங்கே டீக்கடைக்காரர் தன் கண்ணாடி கிளாஸில்தான் டீ கொண்டுவருவார், குடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. சுற்றுப்பட்ட ஊர்களில் கூழ் வார்த்தலுக்கெல்லாம் அரங்கநாதன் கப்பு போயிற்று. ஒரு குறை வரவில்லை. நெடுமாறன் வாசலில் வண்டி நிறுத்துவதும் குறைந்தது.

ஆவணியில் மீனம்பாள் மகள் வெண்மதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை விழுப்புரத்தில் பேங்கில் வேலை. தகுதிக்கு மீறின இடம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததால் மீனம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபம் பிடித்திருந்தாள். ஜெயக்கொடி ஒரு பெட்டி நிறையக் கப்பைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

“பாயசத்துக்கு என் கப்புதாங்க்கா. வெண்மதி எனக்கும் பொண்ணுதானே.”

தட்டு மாற்றிய கையோடு சம்பந்தியம்மாவுக்கு முதல் பாயசம் கொடுக்கவேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சேமியா பாயசத்தை ஜெயக்கொடியே மொண்டு ஊற்றி மீனம்பாளிடம் நீட்டினாள். மீனம்பாள் இரண்டு கையாலும் வாங்கிச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் பிடித்ததும் கப்பு இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தது. பாயசம் விரல் மேலும் பட்டுப் புடவை மேலும் கொட்டியது. அவர் கத்தவில்லை. கையை உதறி, புடவையைப் பார்த்து, மீனம்பாளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கத்தியிருக்கலாம். தட்டில் வைத்திருந்த மற்றக் கப்புகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. “எங்க பக்கம் எவர்சில்வர்ல குடுப்போம்” என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

மீனம்பாள் ஜெயக்கொடியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐஸ் கொண்டுவரச் சொல்லி விரல் சுட்ட இடத்தில் வைத்துவிட்டாள், புடவையைத் துடைத்தாள், எவர்சில்வர் டம்ளருக்கு ஆள் அனுப்பினாள். நிச்சயம் முடிந்தது. மறுநாள் வேலைக்கு வந்தவள் தன் சாப்பாட்டை மேசையின் மறுகோடியில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். ஜெயக்கொடிக்கு அன்று சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அரங்கநாதன் சென்னைக்குப் போன் போட்டு மட்டச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தம்போட்டார். மோனிகா வருவதாகச் சொன்னாள். அவள் வரும் நாள் காலையில் அரங்கநாதன் ஆணியில் கிடந்த ஹீட்டரை எடுத்து அச்சில் மாட்டிவிட்டு ஜெயக்கொடியைக் கூப்பிட்டார்.

“கேட்டா, நீங்க சொன்ன சூட்லதான் ஓட்டுனேன்னு சொல்லு. சரக்கத் திருப்பி உட்டுடலாம். ஒனக்கும் கெட்டபேர் இல்ல. இன்னா?”

“சரி மொதலாளி” என்றாள் ஜெயக்கொடி. நாற்காலி முக்கியம்.

மோனிகா ஒரு கப்பைக் கையில் எடுத்தாள். ஜன்னல் பக்கம் பிடித்தாள். அந்தப் பக்கம் நிற்கும் மலையே அதில் மங்கலாகத் தெரிந்தது. அவள் முகம் சுருங்கியது. “சூட்ல ஓட்டினா இப்படித் தெளிவா வராதே சார். பால் மாதிரி வரணும். சரக்குலதான் ஏதோ கோளாறோ? மூட்டை நம்பர் குடுங்க, நான் மேலே சொல்றேன். என்னைத்தான் கேப்பாங்க, பரவாயில்ல.”

அவள் பாவம்போல அப்படிச் சொன்னதுதான் ஜெயக்கொடிக்குத் தாங்கவில்லை. பேக்கிங் மேசையில் மீனம்பாள் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கை நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“சரக்குல ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள் ஜெயக்கொடி. “ஹீட்டர கழட்டிட்டு ஐஸ் தண்ணி உட்டது நான்தான். எண்ணிக்க வரணும்னு உட்டேன்.”

அரங்கநாதன் முகம் செத்துப்போயிற்று. மோனிகா ஹீட்டரைப் போட்டு, அச்சு சூடேறும்வரை காத்திருந்து, கப்பை அடித்து, அச்சை மூடியபடியே விட்டு நின்றாள். திறந்தபோது கப்பு கஞ்சித் தண்ணீர் நிறத்தில் வந்தது. கெட்டிலில் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றினாள். கப்பு நின்றது. பக்கத்தில் கண்ணாடிக் கப்பில் ஊற்றினாள். மண்டபத்தில் நடந்தது மறுபடி நடந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜெயக்கொடி நெய்யை நினைத்துக்கொண்டு போனாள். உருக்கிய நெய்யை மூலையில் வைத்து மறந்துவிட்டால் மணல் மணலாக உறைகிறது. அதே நெய்யைப் பிரிட்ஜில் வைத்தால் மெழுகு மாதிரி வழவழவென்று இறுகுகிறது. அதே பால், அதே நெய். இத்தனை வருஷம் கையால் தொட்ட சங்கதி, அந்தப் பிள்ளை சொன்னபோது ஏன் உறைக்கவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. உறைக்காமல் இல்லை. நாற்காலி மறைத்தது.

நாற்காலியும் போயிற்று. “வெளி ஆள் முன்னால என்னப் பொய்யன் ஆக்கிட்ட” என்றார் அரங்கநாதன். நெடுமாறன் மெஷினுக்கு வந்தான். ஜெயக்கொடி பழையபடி பேக்கிங் மேசைக்கு, மீனம்பாளுக்குப் பக்கத்தில். வீட்டில் இளவரசன், “உண்மைய சொல்லி இன்னா கண்ட?” என்று கேட்டான். மேசையில் இரண்டு பெண்களும் கப்பை அடுக்கினார்கள், பை போட்டுக் கட்டினார்கள், பேசவில்லை. யாராவது லாரிக்காரர் ‘ஆபரேட்டரம்மா’ என்றால் ஜெயக்கொடி முதல் தடவையிலேயே திரும்பி, “அங்க இருக்காரு” என்று கைகாட்டினாள்.

நெடுமாறன் மோசமான ஆள் இல்லை. சொன்ன சூட்டில்தான் ஓட்டினான். ஆனால் சூடான அச்சில் கப்பின் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பொறுத்தால் வரும், பொறுக்கவேண்டும். அரங்கநாதன் சாயங்காலம் வந்து, “இவ்ளோதானா?” என்று இவனையும் கேட்டார். இவன் அடிப்பாகத்துக்கு மட்டும் தண்ணீரைத் திறந்துவிட்டான். கப்பு சுலபமாக விழுந்தது, குவியலும் ஏறியது.

முதல் நாள் பார்த்தபோதே ஜெயக்கொடிக்குத் தெரிந்துவிட்டது. கப்பின் சுற்றுச்சுவர் வெளுப்பு, அடி கண்ணாடி. சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். சொன்னால் பொறாமை என்பார்கள். ஏற்கெனவே ஒரு உண்மையைச் சொல்லி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றைச் சொன்னால் இதுவும் போய்விடும். தை மாதம் வெண்மதி கல்யாணம். அதற்குப் பரிகாரமாக அரங்கநாதன் சும்மா தருவதாகச் சொன்ன கப்பு இந்தக் குவியலிலிருந்துதான் போகப்போகிறது என்பது தெரிந்தும் மூன்று நாள் வாய்மூடி இருந்தாள். அந்த மூன்று நாளில் ராத்திரித் தூக்கம் சரியாக இல்லை.

நான்காம் நாள் மத்தியானம் மீனம்பாள் ஒரு கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இத்தனை நாளில் முதல் தடவையாக இவள் பக்கம் திரும்பினாள்.

“இது இன்னா, மேல ஒரு மாரி இருக்குது, அடியில ஒரு மாரி இருக்குது?”

ஜெயக்கொடி கப்பை வாங்கி அடியைத் தடவினாள். “அடியில தண்ணி பட்டிருக்குதுக்கா. ஆறிட்டுச்சு. பலம் ஏறல.”

“சூடு தாங்காதா?”

“சொவுரு தாங்கும். அடி எறங்கிடும்.”

“தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தியா?”

“சொன்னா எடத்துக்கு அடிபோட்றேன்னு சொல்லுவாங்கக்கா. பயந்துட்டேன்.”

மீனம்பாள் பார்வையில் கோபம் அப்படியே இருந்தது. தன் பிளாஸ்கை எடுத்து, சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்திருந்த ரசத்தைக் கப்பில் ஊற்றினாள். ஆவி வந்தது. சுவர் நின்றது. அடி மெல்லப் பிதுங்கி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, ரசம் மேசையில் ஓடியது. அந்தக் கப்பை அப்படியே தூக்கிக்கொண்டு அரங்கநாதன் மேசைக்குப் போனாள். ஜெயக்கொடி பின்னாலேயே போனாள், தடுக்கவா துணைக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

கப்பைக் கணக்குப் புத்தகத்தின் மேலேயே வைத்தாள் மீனம்பாள். அரங்கநாதன் பதறி எழுந்தார். மெஷின் பக்கமிருந்து நெடுமாறன் எட்டிப் பார்த்தான்.

“தையில என் பொண்ணு கல்யாணம் மொதலாளி. அதே சம்பந்தி, அதே பாயசம். எனக்கு இவ ஓட்டுன கப்புதான் வேணும்.”

“எவ, ஜெயக்கொடியா? ஏம்மா, அன்னிக்கு ஒன் மானத்த வாங்குனதே அவதானே!”

“அவதான்” என்றாள் மீனம்பாள். “அத்த நான் மறக்கல. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அவளும் மறக்க மாட்டா. இந்த ஊர்ல மோல்டு தெறக்கறதுக்கு முன்னால என் பொண்ணு நெனப்பு வர்ற ஆளு வேற யாரு இருக்குது, சொல்லுங்க.”

அரங்கநாதன் வழியும் ரசத்தைப் பார்த்தார், நெடுமாறனைப் பார்த்தார். பிறகு, “போய் உக்காரு. எண்ணிக்கய நான் கேக்கல” என்றார்.

ஜெயக்கொடி மெஷினுக்குப் போனாள். அடித்தண்ணீரை மூடினாள், அச்சு சூடேறும்வரை நின்றாள், முதல் கப்பை அடித்தாள். முடிந்ததா என்று அரங்கநாதன் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அவள் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தபடி, அச்சு மூடியபடி, நேரம் ஆகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.